மூன்றரை அடித் தண்ணீரும் 23 படிகளும்: ஒரு முழங்கால் தேய்வு நிகழ்வு ஆய்வு

இலங்கையின் பதுளை மாவட்டத்தில், பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் 38 வருடம் கொழுந்தெடுத்த ஓர் அம்மாவைப் பற்றியது இந்தப் பதிவு. வயது 63. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரையும் தோட்டத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். நான் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). பதுளையில் ஒரு சிறிய விடுதியின் நீச்சல் தடாகத்தில், நடமாடச் சிரமப்படும் மூட்டுவலிக்காரப் பெண்கள் ஏழு பேருக்கு வாரத்தில் இரண்டு நாள் வீதம் 12 வாரம் தண்ணீர்ப் பயிற்சி நடத்தினோம். அந்த ஏழு பேரில் ஆக மோசமான முழங்காலோடு வந்தவர் இவர். நான் ஆகக் கூடுதலாகப் பிழை விட்டதும் இவரிடம்தான்.

வந்தபோது

இரண்டு முழங்காலிலும் தேய்வு, வலது மோசம். எக்ஸ்ரேயில் வலது மூட்டின் உட்பக்க இடைவெளி கிட்டத்தட்ட மூடிக் கிடந்தது. நின்றால் கால்கள் வில் மாதிரி வெளியே வளையும். உயரம் 148 சென்டிமீற்றர், எடை 61 கிலோ. பிரஷருக்கு மாத்திரை போடுகிறார், சீனி வருத்தம் (நீரிழிவு) இல்லை. முந்தைய வருடம் படியில் ஒரு தடவை விழுந்திருக்கிறார். வலிக்குப் பரசிட்டமோல், அது கேட்காத நாளில் பார்மசியில் சொல்லி வாங்கும் பெயின் கில்லர், இரவில் சித்தாலேப என்ற மூலிகைத் தைலம்.

சரிவில் கொழுந்தெடுப்பவருக்கு ஒரு கால் எப்போதும் மேட்டில், மற்றது பள்ளத்தில். கூடைக் கயிறு தலையில், பாரம் முதுகில். மழை நாளில் கொழுந்தோடு ஈரமும் சேர்ந்து கனக்கும். "எந்தக் காலில் கூடுதலாக ஊன்றுவீங்க அம்மா?" என்று கேட்டேன். சிரித்தார்.

"அது மலைய பொறுத்தது மிஸ்."

என்ன செய்ய முடிந்தால் போதும் என்று எல்லாரிடமும் கேட்பேன். அநேகமாக எல்லாரும் "வலி போகணும்" என்பார்கள். இவர் அப்படிச் சொல்லவில்லை. "பீலிக்கு நானே எறங்கிப் போயி குளிக்கணும்" என்றார். பீலி என்றால் மலைத் தண்ணீர் வந்து விழும் குளிக்கும் இடம். எட்டு மாதமாக மருமகள்தான் வாளியில் தண்ணீர் தூக்கி வந்து வீட்டு அறையான காம்பராவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வேலைக்கும் போய் வந்து, இதையும் செய்கிற மருமகள். வலியைவிட அதுதான் இவருக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இருக்கும் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) போய்ப் பார்த்தேன். லயத்துக்கும் பீலிக்கும் இடையில் 23 படிகள். சில கல், சில மண்ணில் வெட்டியவை. டேப் வைத்து அளந்தேன்: ஆகக் குறைந்த உயரம் 13 சென்டிமீற்றர், ஆகக் கூடியது 27. நடுவில் ஒரு திருப்பம். கடைசி நான்கு படியில் பாசி. பிடிக்க ஒன்றுமில்லை.

அளவுகள் இவை. கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் கதிரையிலிருந்து எத்தனை தடவை எழுந்து உட்காரலாம் என்ற சோதனையில் 5. அவருடைய வயதுப் பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே கவனிக்க வேண்டிய நிலை. கதிரையிலிருந்து எழுந்து 3 மீற்றர் நடந்து திரும்பி வந்து உட்கார 21 விநாடி. 12 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தால் விழும் ஆபத்து உண்டு என்று கணக்கு. வலி, பத்துக்கு 7.

இரண்டு வருடத்தில் நான்கு தடவை இவருக்குப் பயிற்சித் தாள் கொடுத்திருக்கிறோம். படுத்துக் காலை நேராகத் தூக்குவது, உட்கார்ந்து முழங்காலை நீட்டுவது, வழக்கமானவைதான். செய்யவில்லை. ஆறு பேர் படுக்கும் காம்பராவில் பகலில் காலை நீட்டிப் படுத்துப் பயிற்சி செய்ய எங்கே இடம் என்பது எனக்கு லயத்துக்குப் போன அன்றுதான் உறைத்தது. அவர் சொன்ன காரணம் அதைவிட நேரானது: "வலிக்குது மிஸ். வலிக்காத வேலையா ஒண்ணு குடுங்க."

ஏன் தண்ணீர்

வலிக்காத வேலை வேண்டுமென்றால் பாரத்தைக் குறைக்க வேண்டும். படி இறங்கும்போது முழங்கால் தாங்குவது உடல் எடையைப் போல் மூன்று மடங்குக்கு மேல். தண்ணீரில் தொப்புள் அளவு நின்றாலே எடையில் பாதி போய்விடும். நெஞ்செலும்பின் நுனி வரை நின்றால் காலுக்கு வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இந்த அம்மாவுக்கு அது 20 கிலோ சொச்சம். கழுத்து வரை போனால் பத்தில் ஒன்றுதான்.

இதோடு இன்னும் இரண்டு விஷயம். தண்ணீருக்குள் எவ்வளவு வேகமாகக் காலை வீசுகிறோமோ அவ்வளவு எதிர்ப்பு; வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதாவது பாரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நோயாளியின் கையில், இல்லை, காலில். வலித்தால் மெதுவாக்கினால் போதும், அந்தக் கணமே எதிர்ப்பு விழுந்துவிடும். மற்றது, தண்ணீரின் அழுத்தம். ஒரு மீற்றர் ஆழத்தில் கணுக்காலைச் சுற்றி அது 70 மில்லிமீற்றர் பாதரச அளவைத் தாண்டும். மாலையானால் கால் வீங்குபவர்களுக்கு இறுக்கமான காலுறை போட்ட மாதிரி.

பெரிதாக எதிர்பார்த்துவிடவும் கூடாது. இடுப்பு, முழங்கால் தேய்வுக்குத் தண்ணீர்ப் பயிற்சி பற்றி 2016இல் வந்த கொக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 13 ஆய்வுகளை, 1190 பேரை எடுத்துப் பார்த்தது. பயிற்சி முடிந்த கையோடு வலியும் இயலாமையும் குறைந்திருந்தன, வாழ்க்கைத் தரமும் சற்று உயர்ந்திருந்தது. ஆனால் எல்லாம் சிறிய அளவில்தான். அந்தச் "சிறிய அளவை" நான் நோயாளிகளிடம் மறைப்பதில்லை. வலியால் அசையாமலே இருப்பவரை அசைய வைக்க அந்தச் சிறிய அளவு போதும், மீதியைத் தரையில்தான் சம்பாதிக்க வேண்டும்.

ஆனால் மலைநாட்டில் தண்ணீர் என்றால் குளிர். மூட்டு நோயாளிகளின் குழுப் பயிற்சிக்கு 28 முதல் 31 பாகை செல்சியஸ் வேண்டும், தனிச் சிகிச்சைக்கான தடாகங்களை 33க்கும் மேலே வைப்பார்கள். தண்ணீர் உடம்பின் சூட்டை இழுப்பது காற்றைப் போல் 25 மடங்கு. 1,900 மீற்றரை எட்டும் நுவரெலியாவில் சூடேற்றாத தடாகத்தில் இதை நினைத்துப் பார்க்கவே முடியாது. பதுளை 680 மீற்றர்தான், பள்ளத்தாக்கு நகரம். பசறைக்காரர்களுக்கே அது இறக்கம். மழை ஓய்ந்த மாதங்களில் மதிய வெயில் சுள்ளென்று அடிக்கும். அதை நம்பித்தான் இறங்கினோம். வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப்போகலாமே என்று சிலர் கேட்டார்கள். கன்னியா திருகோணமலையில் இருக்கிறது. அங்கே இருப்பவை அள்ளி ஊற்றிக் குளிக்கிற கிணறுகள், இறங்கி நடக்கிற இடம் அல்ல.

தண்ணியில கண்டம்

விஷயத்தைச் சொன்னதும் இந்த அம்மா முடியாது என்றுவிட்டார். சின்ன வயதில் சாதகம் பார்த்தவர் தண்ணீரில் கண்டம் இருக்கிறதென்று சொல்லிவிட்டாராம். அறுபது வருடமாக ஆற்றில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. நான் இயற்பியல் பேசிப் பார்த்தேன், எடுபடவில்லை. அதே லயத்திலிருந்து வருகிற இன்னோர் அம்மாதான் வழிக்குக் கொண்டுவந்தார்: "கண்டம் ஆத்துல தாண்டி. இது தொட்டி."

அடுத்தது உடுப்பு. எங்கள் பெண்களுக்குக் குளிப்பது என்றால் மார்புக்கு மேலே துணியைச் சுற்றிக் கட்டும் குறுக்குக்கட்டு. பீலியில் அது வசதி. தடாகத்தில் நனைந்த துணி இரண்டு முழங்காலையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும், பக்கவாட்டில் ஓர் அடி வைக்க விடாது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே வரும் லெகின்ஸும் கறுப்பு டீ-சேர்ட்டும் என்று முடிவானது. வெள்ளையோ வெளிர் நிறமோ வேண்டாம், நனைந்தால் தெரியும். குழுவில் இரண்டு முஸ்லிம் பெண்கள் இருந்தார்கள். அந்த ஒரு மணித்தியாலம் ஆண் பணியாளர்கள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை என்று விடுதிக்காரர் ஒத்துக்கொண்ட பிறகுதான் அவர்கள் வந்தார்கள். அந்த ஏற்பாட்டில் மற்ற ஐந்து பேருக்கும்தான் நிம்மதி.

இறங்கும் முன் காலைப் பார்ப்பது கட்டாயம். அட்டைக்கடிப் புண் ஆறாமல் இருந்தாலோ விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தாலோ அன்று தண்ணீர் இல்லை. இந்த அம்மாவுக்குச் சேற்றுப்புண் இருந்தது. பத்து நாள் மருந்து பூசி, ஆறிய பிறகே சேர்த்துக்கொண்டோம். பிரஷர், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, சிறுநீர் அடக்க முடியாமை, இவற்றையும் கேட்டுப் பார்த்து, வைத்தியரிடம் எழுதிய துண்டு வாங்கி வரச் சொன்னோம். காரணம் இருக்கிறது. கழுத்தளவு தண்ணீரில் நின்றால் காலிலும் வயிற்றிலும் இருக்கும் இரத்தத்தில் ஏறக்குறைய 700 மில்லிலீற்றர் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படும். பலவீனமான இதயத்துக்கு அது சின்ன விஷயமில்லை.

முதல் நாள்

முதல் நாள் காலை ஒன்பதரைக்கு வைத்தேன். விடுதிக்கு அதுதான் வசதி, எனக்கும்தான். தண்ணீர் 23 பாகை. வெப்பமானியைப் பார்த்தேன், குறித்தேன், "இறங்கினால் பழகிவிடும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் செய்தேன். பாடப்புத்தகம் நெஞ்சளவு என்கிறது, தடாக விளிம்பில் 4 அடி என்று எழுதியிருக்கிறது, சரி என்று அங்கே நிறுத்தினேன். 148 சென்டிமீற்றர் உயரமானவருக்கு 4 அடி என்பது தோளை மூடுகிற தண்ணீர். கால் தரையில் ஊன்றாது, பக்கத்தில் ஒருவர் கையை வீசினாலே அலை வாய்க்கு வரும்.

ஏழாவது நிமிடம் வலது கெண்டைக்காலில் நரம்பு பிடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கத்தவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. மேலே ஏற்றித் துவாயால் போர்த்தித் தேத்தண்ணி கொடுத்தோம். அடுத்த இரண்டு தடவை வரவில்லை. கண்டம் என்ற பேச்சு மறுபடி லயத்தில் ஓடியதாகக் கேள்வி.

அப்புறம் மூன்றை மாற்றினோம். நேரத்தை மதியம் ஒன்றரைக்குக் கொண்டுபோனோம்; உல்லாசப் பயணிகள் எல்லவுக்கும் துன்ஹிந்தவுக்கும் போயிருக்கும் நேரம் அது. தடாகத்தை இரவிலும் காலையிலும் பொலித்தீன் விரிப்பால் மூடினோம். திறந்த தடாகம் சூட்டை இழப்பது பெரும்பாலும் ஆவியாதலால்தான், மூடினால் அது நிற்கும். (இறங்கும் முன் விரிப்பை முழுதாகச் சுருட்டி வெளியே எடுத்துவிட வேண்டும். பாதி மூடிய தடாகத்தில் ஆளை இறக்கக் கூடாது.) இரண்டாவது வாரத்திலேயே மதியத் தண்ணீர் 28ஐத் தொட்டது. மூன்றாவது, 4 அடியை விட்டு மூன்றரை அடியில் சிவப்பு நாடா கட்டினோம். அதுதான் எங்கள் பெண்களுக்கு நெஞ்சளவு.

நான்காவது தடவைக்குத் திரும்பி வந்தார். நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று, கம்பியைப் பிடித்து, கொஞ்ச நேரம் ஒன்றுமே செய்யவில்லை. பிறகு சொன்னார்: "கூடைய எறக்கி வச்ச மாதிரி இருக்கு மிஸ்."

ஆழத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது

பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. முன்னால் நடை, பின்னால் நடை, பக்கவாட்டு நடை. கம்பியைப் பிடித்துக் குதிக்காலை உயர்த்துதல், பாதி குந்துதல், காலை முன்பின் வீசுதல். அரை லீற்றர் வெற்றுப் போத்தலை மூடி இறுக்கி இரண்டு கையிலும் கொடுத்தோம்; அதைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்க அரைக்கிலோ அளவு பலம் வேண்டும், வயிறும் முதுகும் சேர்ந்து வேலை செய்யும். குழுவில் இருந்த ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை எண்ணுவார், "எக்காய், தெக்காய், துனாய்" என்று. ஒரு மாதத்தில் எல்லாருமே சிங்களத்தில்தான் எண்ணினார்கள்.

நான்காவது வாரம் இரண்டாவது பிழை. தண்ணீரில் வலிக்கவில்லை என்று இந்த அம்மா ஓய்வில்லாமல் 40 நிமிடம் நடந்தார். நானும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வலது முழங்கால் வீங்கிவிட்டது, இரண்டு நாள் எழும்ப முடியவில்லை. தண்ணீர் வலியை மறைக்கும், அங்கே "வலித்தால் நிறுத்து" என்ற விதி வேலை செய்யாது என்று படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு கடிகாரம்தான் விதி: 20 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு 3 நிமிடம் கூட்டுவது, மறுநாள் காலை முழங்கால் முந்தின நாளைவிடக் கனமாக இருந்தால் கூட்டுவதில்லை.

வெளியே வருவதற்கும் ஒரு முறை வைத்தோம். தண்ணீரின் அழுத்தம் விலகியதும் இரத்தம் சட்டென்று காலுக்கு இறங்கும். பிரஷர் மாத்திரை போடுபவருக்குத் தலை சுற்றும். உடம்பின் முழு எடையும் ஒரே நேரத்தில் முழங்காலுக்குத் திரும்பும். அதனால் படியில் இடுப்பளவில் இரண்டு நிமிடம், முழங்காலளவில் ஒரு நிமிடம் நின்று வருவது. ஆடி மாதக் காற்று ஈர உடம்பில் அடித்தால் அரை மணித்தியால வேலை வீண், ஆகவே துவாய் படியிலேயே இருக்கும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. தண்ணீரில் காலைத் தூக்குவது சுலபம், மிதப்பே தூக்கிவிடும். அமுக்குவதுதான் வேலை. பீலிப் படியில் தேவைப்படுவது இதற்கு நேரெதிர். அங்கே முன்தொடைத் தசை உடம்பின் பாரத்தை ஏந்திக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நீள வேண்டும். நெஞ்சளவுத் தண்ணீரில் அந்த வேலை அநேகமாக இல்லை. அங்கேயே ஒரு வருடம் நடந்தாலும் படி இறங்க வராது. தண்ணீர்ப் பயிற்சி வகுப்புகளில் ஆட்கள் வருடக்கணக்கில் ஒரே ஆழத்தில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் சங்கடம் இதுதான். ஆழம்தான் மருந்தின் அளவு. குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

ஆகவே ஐந்தாவது வாரத்திலிருந்து நாடாவை நகர்த்தினோம். எட்டாவது வாரம் வரை தொப்புளளவு. பிறகு தடாகத்தின் படிகள்: நான்கு படி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 சென்டிமீற்றர், கீழே இடுப்பளவுத் தண்ணீர், மேலே கணுக்காலளவு. ஒவ்வொரு படி ஏறும்போதும் சில கிலோ உடம்புக்குத் திரும்பும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோய்க்கால் முதலில். கடைசி இரண்டு வாரம் தடாகத்தில் பாதி நேரம், விடுதியின் சிமெந்துப் படியில் பாதி நேரம்.

12 வாரத்துக்குப் பிறகு

வரவேண்டிய 24 தடவையில் 19 வந்திருந்தார். வராத ஐந்தில் இரண்டு என்னுடைய முதல் நாள் பிழைக்கு, ஒன்று இரண்டாவது பிழைக்கு, இரண்டு காசுக்கு. தடாகத்துக்கு ஆளுக்குக் கொடுத்ததைவிட பஸ்ஸுக்கும் த்ரீவீலுக்கும் போனதுதான் அதிகம்.

கதிரைச் சோதனை 5இலிருந்து 8. நடைச் சோதனை 21 விநாடியிலிருந்து 14. இன்னும் ஆபத்து எல்லைக்குள்தான் இருக்கிறார். வலி 7இலிருந்து 5, அவ்வளவுதான். எக்ஸ்ரே எடுக்கவில்லை, தேய்ந்த மூட்டு தண்ணீரில் வளராது. பெயின் கில்லர் வாங்குவது நின்றுவிட்டது என்று மருமகள் சொன்னார், அம்மா சொல்லவில்லை.

ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்த ஆய்வு நேர்மையாக இராது. ஒன்பதாவது வாரம் மகன் பழைய இரும்புக் குழாய்களை வெட்டி, பீலிப் படியின் திருப்பத்திலிருந்து கீழ்வரை ஒரு கைப்பிடி போட்டுவிட்டார். கடைசி நான்கு படியின் பாசியையும் சுரண்டிவிட்டார். அம்மா தண்ணீருக்குப் போய் வருவதைப் பார்த்துத்தான் செய்ததாகச் சொன்னார். எனவே படியில் வந்த முன்னேற்றத்தில் தடாகத்துக்கு எத்தனை பங்கு, குழாய்க்கு எத்தனை பங்கு என்று பிரிக்க வழியில்லை. குழாயை நான் முதல் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும். டேப்போடு போன ஆள், உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐப்பசி மழையோடு தடாகம் நின்றது. பத்து வாரம் கழித்து மழை விட்ட ஒரு நாளில் மறுபடி லயத்துக்குப் போனேன். கதிரைச் சோதனை 7. வாரத்தில் மூன்று நாள் பீலிக்குத் தானே போகிறார், மற்ற நாளில் வாளி. அன்று அவர் இறங்குவதைப் பார்த்தேன். வலது கால் முதலில், கை குழாயில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து. 23 படிக்கு இரண்டே முக்கால் நிமிடம். உதடு அசைந்துகொண்டிருந்தது, சிங்களத்தில்தான் எண்ணினார்.

பையில் வெப்பமானி இருந்தது, பீலித் தண்ணீரில் பிடித்துப் பார்த்தேன். 19 பாகை. தடாகத்தில் 23க்கு ஏழு நிமிடம் தாங்காதவர், குறுக்குக்கட்டோடு அதற்குக் கீழே தலையைக் கொடுத்து நின்றார். குளிரவில்லையா அம்மா என்று கேட்டேன்.

"அது வேற மிஸ். இது நம்ம தண்ணி."